இரண்டாம் அத்தியாயத்தில் குதிரை இல்லை

உங்களைப் பற்றி ஒரே ஒரு பக்கம், பொய் கலக்காமல், ஆனால் படிக்கிறவர் வாய் பிளக்கும்படி எழுத உங்களால் முடியுமா? எழுதிப் பாருங்கள். நீங்கள் பெரிய ஆள் என்று தெரிய வேண்டும். தலைக்கனம் தெரியக் கூடாது. கெஞ்ச வேண்டும், கெஞ்சுவது தெரியக் கூடாது. இதற்கு முன் உங்களைப் போலவே எழுதி வெற்றி பெற்றவர்கள் யார் யார் என்று சொல்ல வேண்டும்; அவர்களைக் காப்பியடித்ததாகத் தோன்றக் கூடாது. மூன்று வரி எழுதியதும் பேனாவைத் தூக்கி எறியத் தோன்றினால், லிஃப்டக்கா பட்ட பாடு உங்களுக்குப் புரியும்.

லிஃப்டக்கா என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். வேலை, லிஃப்ட் ஆய்வாளர். அடுக்குமாடி வீடுகள், மருத்துவமனைகள், கடைத்தொகுதிகள் என்று ஊரெல்லாம் போய், லிஃப்டின் உச்சந்தலையில் ஏறி நின்று, இரும்புக் கயிற்றைத் தடவிப் பார்த்து, பிரேக்கைச் சோதித்து, சான்றிதழ் கொடுக்க வேண்டும். ஐம்பதைத் தாண்டிய வயது. ஒரு முழங்கால் மட்டும் அவ்வப்போது ஒத்துழையாமை செய்யும். பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டார் என்பதுதான் துறையில் அவருக்கு இருந்த நல்ல பெயர். கெட்ட பெயரும் அதுவேதான்.

ஒரு நாள் பணக்காரக் கட்டடம் ஒன்றில் ஆய்வு. லிஃப்டின் பக்கத்தில் பளபளவென்று ஒரு பலகை: "வீட்டு வேலை செய்பவர்கள் படியில் வரவும்." அதைத் தாண்டி ஒரு பெண் இடுப்பில் வாளியும் கையில் துடைப்பமுமாகப் படியேறிக்கொண்டிருந்தாள். லிஃப்டக்கா கட்டடச் செயலாளரைக் கூப்பிட்டார்.

"ஏங்க, இவங்க ஏன் லிஃப்டில வரக்கூடாது?"

"பாரம் தாங்காது மேடம்."

"பதிமூணு பேரைத் தாங்கும்னு போன வருஷம் நான்தானே சான்றிதழ் கொடுத்தேன்?"

"அது… இது வேற மாதிரி பாரம் மேடம்."

லிஃப்டக்கா அறிக்கையில் 'கண்ட குறைபாடுகள்' என்ற இடத்தில் எழுதினார்: "லிஃப்டில் குறை இல்லை. பலகையில் உள்ளது. லிஃப்டுக்கு எடை தெரியும். எஜமானி யார், வேலைக்காரி யார் என்று தெரியாது." மேலதிகாரி அந்த வரிகளை மட்டும் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "இது நம்ம வேலை இல்லம்மா" என்றார்.

அடிபட்ட அந்த வரிகள்தான் நாவலாக முளைத்தன. வேலைக்காரப் பெண்கள் லிஃப்டில் ஏற உரிமை கேட்டுப் போராடும் ஒரு கட்டடத்தின் கதை. வேலை முடிந்து வந்து, சாப்பாட்டு மேஜையில் தட்டுகளை ஒதுக்கிவிட்டு, வருடக் கணக்கில் எழுதினார். அவருடைய கணவர் பேருந்து ஓட்டுநர். பெயர்ப்பலகை தவிர வேறொன்றையும் விரும்பிப் படிக்காத மனிதர். அவரே நாவல் முழுவதையும் படித்தார். காரணம், அதில் ஒரு சித்தப்பா பாத்திரம் இருந்தது. உலகத்தில் நடக்கும் எல்லாவற்றையும் பற்றிப் படிக்கட்டில் நின்று கருத்துச் சொல்லும் அந்தச் சித்தப்பா தாம்தான் என்று அவருக்கு ஒரே பெருமை. அதில் கிண்டல் இருந்ததை அவர் கண்டுகொள்ளவில்லை.

நாவலைப் பதிப்பகங்களுக்கு அனுப்பினால், "முகவர் மூலம் வரவும்" என்று ஒற்றை வரி வந்தது. இலக்கிய முகவர் என்றால் எழுத்தாளருக்கும் பதிப்பகத்துக்கும் நடுவில் நிற்பவர். அவருக்குப் பிடித்தால்தான் பதிப்பாளர் கண்ணில் படும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. அந்தப் பூசாரியைப் பார்க்கவும் ஒரு பக்கக் கடிதமும் முதல் மூன்று அத்தியாயங்களும் அனுப்ப வேண்டும். அந்த ஒரு பக்கம்தான் வீட்டை இரண்டாக்கியது.

முதலில் உதவிக்கு வந்தவர் கணவர். அவர் வாழ்நாளில் எழுதிய ஒரே வகைக் கடிதம் விடுப்பு விண்ணப்பம்.

"எழுதிக்கோ. மதிப்பிற்குரிய ஐயா. நான் நாவல் எழுதியிருப்பதால்…"

"எழுதியிருப்பதால்?"

"தயவுகூர்ந்து தாங்கள் அதைப் பிரசுரிக்க அனுமதிக்குமாறு தாழ்மையுடன்…"

"என்னங்க, எனக்குக் காய்ச்சல் ஒண்ணும் இல்லை."

அடுத்து வந்தவர் நாத்தனார். கணவரின் தங்கை, அடுக்குமாடி வீடுகள் விற்கும் நிறுவனத்தில் வேலை. கட்டி முடிக்காத கட்டடத்தின் பத்தாவது மாடியிலிருந்து தெரியும் காட்சியை, தரையில் நின்றபடியே விற்றுவிடுவார்.

"அண்ணி, நகருங்க. விக்கணும்னு இறங்கிட்டா வெக்கப்படக் கூடாது." அவர் தட்டி முடித்ததைக் கணவர் சத்தமாகப் படித்தார்: "விசாலமான கதை. காற்றோட்டமான அத்தியாயங்கள். எல்லா உணர்ச்சிகளும் நடந்து போகும் தூரத்தில். சில பிரதிகளே மீதம்."

"ஒரு பிரதிதானே இருக்கு?" என்றார் லிஃப்டக்கா.

"அதனாலதான் அண்ணி சில-ன்னு போட்டேன்."

முகவர்களின் விதிமுறைகளில் இரண்டு கேள்விகள் தவறாமல் இருந்தன. உங்கள் நூல் எந்த வெற்றி நூல்களைப் போன்றது? ஏன் நீங்கள்தான் இதை எழுத வேண்டும்? நாத்தனார் இவற்றுக்கும் அளக்கத் தயாராக இருந்தார். லிஃப்டக்கா மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முதல் கேள்விக்கு, "எதையும் போன்றதல்ல. அப்படி ஒன்று இருந்தால் அதையே வாங்கிப் படித்திருப்பேன்" என்று எழுதினார். இரண்டாவதற்கு, "வேறு யாரும் எழுதவில்லை, காத்திருந்து பார்த்தேன்" என்று எழுதினார். பிறகு கை தன்னால் பழகிய வழியில் போனது:

"வகை: நாவல். தற்போதைய நிலை: இயங்குகிறது. கண்ட குறைபாடுகள்: முதல் அத்தியாயம் கிளம்பும்போது சற்று உதறுகிறது. சித்தப்பா தேவைக்கு மேற்பட்ட பாரம். மூன்றாம் அத்தியாயத்தில் வேகம் குறைவு, ஆபத்து இல்லை. முடிவு: பயணத்துக்குத் தகுந்தது."

நாத்தனார் தலையில் கை வைத்தார். "அண்ணி, சுவத்துல விரிசல் இருக்குன்னு சொல்லிக்கிட்டா வீடு விப்பாங்க?"

"குறை இல்லாத லிஃப்டே கிடையாது. குறையே இல்லைன்னு எழுதியிருந்தா நான் அதில ஏற மாட்டேன்."

"சித்தப்பா பாரமா?" என்றார் கணவர். அவருடைய வருத்தம் வேறு.

கடிதம் ஏழெட்டு முகவர்களுக்குப் போனது. பதில்கள் மெதுவாக வந்தன, எல்லாமே மறுப்பு. அதில் அவருக்கு வருத்தம் இருந்ததே தவிர, மனக்குறை இல்லை. தாமே எத்தனையோ லிஃப்டுகளை நிறுத்திச் சீல் வைத்தவர். ஆனால் பதில்களின் வாசகம்தான் உறுத்தியது. "தங்கள் படைப்பை மிகுந்த ஆர்வத்துடன் வாசித்தோம். முதல் அத்தியாயம் கிளம்பும்போது சற்று உதறுவதாக உணர்ந்தோம்." உதறுவது லிஃப்ட் மொழி. இலக்கியக்காரர் எவரும் அப்படிச் சொல்ல மாட்டார். சரி, நம் சொல் பிடித்துப்போய் எடுத்துக்கொண்டார்கள் போல என்று சமாதானம் செய்துகொண்டார்.

அடுத்த பதிலில் சமாதானம் உடைந்தது. "சித்தப்பா பாத்திரம் கதையோட்டத்துக்குச் சுமையாக இருப்பது எங்கள் வாசிப்பில் தெரிந்தது."

லிஃப்டக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். "என்னங்க, இங்க வாங்க."

"என்னாச்சு?"

"சித்தப்பா எங்க?"

"எந்தச் சித்தப்பா?"

"என் நாவல்ல இருந்த சித்தப்பா."

"அதான் நீ தூக்கிட்டியே."

தூக்கித்தான் விட்டிருந்தார். அவருடைய தொழிலில் ஒரு விதி உண்டு: பாரம் அதிகம் என்று எழுதிவிட்டால், அதை இறக்காமல் வண்டியை ஓட விடக் கூடாது. எனவே கடிதம் எழுதிய கையோடு, அனுப்புவதற்கு முன்பே, சித்தப்பாவை நாவலின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் பிடுங்கி எறிந்துவிட்டார். கணவர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஆனால் கடிதத்தில் அந்த வரியை அழிக்க மறந்துபோனது. முகவர்களுக்குப் போன மூன்று அத்தியாயங்களில் சித்தப்பா என்று ஒரு ஈ காக்கை கூடக் கிடையாது.

"அப்ப இவங்க எந்தச் சித்தப்பாவப் படிச்சாங்க?" என்றார் கணவர்.

"படிக்கவே இல்லை. நான் எழுதின குறையை எனக்கே திருப்பிப் போட்டிருக்காங்க."

மறுப்பது குற்றமில்லை. ஒருவருக்குப் பிடிக்காத கதையை ஏற்றுக்கொள்ளும்படி சட்டமா போட முடியும்? நேரமில்லை, படிக்கவில்லை என்று சொன்னாலும் அது நாணயம். படிக்காமலே படித்தேன் என்று எழுதி, 'மிகுந்த ஆர்வத்துடன்' என்று அதற்குச் சந்தனமும் பூசி அனுப்புவதற்கு வேறு பெயர் இருக்கிறது. ஒருவர் வருடக்கணக்காகத் தூக்கத்தைத் தின்று எழுதியதை, நான்கு வரியைப் பார்த்துக் குப்பையில் போடுகிறவர், அந்தக் குப்பைக்கு விமரிசனம் என்று பெயரும் வைத்துவிடுகிறார். எழுதியவரோ நமக்குத்தான் எழுத வரவில்லை என்று நம்பி, பேனாவை மூடி வைக்கிறார். அப்படி மூடிய பேனாக்களை யார் கணக்கெடுத்தார்கள்?

ஆனால் லிஃப்டக்கா சந்தேகத்தை வைத்துத் தீர்ப்பு எழுதுகிறவர் இல்லை. ஒரு கடிதம் தவறியிருக்கலாம். ஆள் மாறியிருக்கலாம். சோதித்துத்தான் பார்க்க வேண்டும். இன்னும் சில முகவர்களுக்கு அதே மூன்று அத்தியாயங்களை அனுப்பினார். கடிதத்தில் ஒரு குறையை மட்டும் புதிதாகச் சேர்த்தார்: "இரண்டாம் அத்தியாயத்தில் குதிரை லிஃப்டில் ஏறுவது நம்பும்படி இல்லை."

"குதிரையா?" என்றார் கணவர். "ஏன், ஒரு நாயைப் போடேன்."

"நாய்னா தப்பிச்சுக்குவாங்க. எந்தக் கதையிலயும் ஏதாவது ஒரு மூலையில ஒரு நாய் படுத்திருக்கும்."

கணவர் சிரித்தார். லிஃப்டக்கா சிரிக்கவில்லை. "ஒருத்தராவது குதிரை இல்லைன்னு சொல்லட்டும். நான் அடுத்ததை எழுதறேன். யாரும் சொல்லலைன்னா இதோட சரி. இந்த மேஜையில உக்காந்தது போதும்."

"ஏம்மா, வெளையாட்டுக்குச் சொல்றியா?"

"இல்லை."

பதில்கள் வந்தன. "குதிரைக் காட்சியில் நம்பகத்தன்மை குறைவு" என்றது ஒன்று. "குதிரை என்னும் குறியீடு எங்களை ஆழமாகப் பாதித்தது. எனினும் இன்றைய சந்தையில் குதிரைகளுக்கு வரவேற்பு மங்கி வருகிறது" என்றது இன்னொன்று. மூன்றாவது, "நாவல் முழுவதையும் குதிரையின் பார்வையிலிருந்து மாற்றி எழுதினால் பரிசீலிக்கலாம்" என்று பெருந்தன்மை காட்டியது.

முதல் பதிலுக்கு வீடே விழுந்து விழுந்து சிரித்தது. நாத்தனார் அதைத் தன் அலுவலகத்துக்கெல்லாம் அனுப்பி வைத்தார். இரண்டாவதற்குக் கணவர் மட்டும் சிரித்தார். மூன்றாவது வந்த அன்று லிஃப்டக்கா கையெழுத்துப் பிரதியை எடுத்து அலமாரியின் மேல்தட்டில், பழைய போர்வைகளுக்கு அடியில் வைத்தார். மேஜையில் மறுபடியும் காய்கறிக் கூடை வந்து உட்கார்ந்தது. வேலை முடிந்து வந்தால் சமைத்தார், சாப்பிட்டார், தொலைக்காட்சியில் எதையோ பார்த்தார். கேட்டால் எதைப் பார்த்தோம் என்று அவருக்கே சொல்லத் தெரியாது.

கணவருக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. எழுதும் காலத்தில், 'உஷ்' என்று தன்னை அடக்கிக்கொண்டே இருந்த மனைவி அவருக்குப் பழகிப்போயிருந்தார். "வேணும்னா சித்தப்பாவைத் திரும்பவும் போட்டுக்கோயேன்" என்றார் ஒரு நாள். "அவன் இருந்தா உனக்குக் கொஞ்சம் கலகலன்னு இருக்கும்."

"நீங்க இருக்கீங்களே, போதும்" என்றார் லிஃப்டக்கா. ஆனால் மேல்தட்டுப் பக்கம் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு மருத்துவமனையில் ஆய்வு. மொட்டை மாடியில் லிஃப்டின் மோட்டார் இருக்கும் சின்ன அறைக்குள், கையெல்லாம் கிரீஸாக இருந்தபோது தொலைபேசி அடித்தது. முழங்கையால் அழுத்தி, தோளில் இடுக்கிக்கொண்டார்.

"நீங்கதானே லிஃப்ட் நாவல் அனுப்பினது?" குரல் ஒரு பெண்ணுடையது. ஜலதோஷம் பிடித்த, அவசரமான குரல்.

"ஆமாங்க. நீங்க?"

"முகவர். கடிதத்தில குதிரைன்னு போட்டிருக்கீங்க. மூணு அத்தியாயமும் படிச்சுட்டேன். குதிரையைக் காணோம். மாத்திரை போட்டிருந்தேன், நடுவுல தூங்கிட்டேனோன்னு திரும்ப முதல்லேருந்து படிச்சேன். குதிரை எங்கேம்மா?"

லிஃப்டக்கா பக்கத்திலிருந்த தலைகீழ் வாளியின் மேல் உட்கார்ந்தார்.

"ஹலோ? இருக்கீங்களா?"

"இருக்கேங்க."

"குதிரை?"

"இல்லைங்க."

"இல்லாத குதிரையை ஏன் இருக்குன்னு எழுதினீங்க?"

"நீங்க படிக்கிறீங்களான்னு பாக்கத்தான்."

மறுமுனையில் மூக்குச் சிந்தும் சத்தம் கேட்டது. "என்னைச் சோதிச்சுப் பாத்தீங்களா?"

"லிஃப்டையே சோதிக்காம விடறதில்லைங்க. தப்பா நினைச்சுக்காதீங்க."

"மத்தவங்களுக்கும் அனுப்பினீங்களா?"

"அனுப்பினேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒருத்தருக்குக் குதிரை ரொம்பப் பிடிச்சுப் போச்சு."

முகவர் சிரிப்பார் என்று லிஃப்டக்கா எதிர்பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. "எங்க மேஜையிலயும் மலை மாதிரி குவியுதும்மா. மூச்சு முட்டுது. அதுக்காகப் படிச்சேன்னு பொய் சொல்லலாமான்னு கேட்டா, கூடாதுதான். மீதியையும் அனுப்புங்க. பிடிக்கும்னு சொல்லலை. படிக்கிறேன்னு சொல்றேன்."

அன்றைக்கு லிஃப்டக்கா அந்த லிஃப்டின் பிரேக்கை இரண்டாம் முறை சோதிக்க வேண்டியிருந்தது. முதல் முறை சோதித்தது மனதில் பதியவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் போர்வைகளுக்கு அடியிலிருந்து பிரதி கீழே இறங்கியது.

முழு நாவலையும் படித்துவிட்டு அந்த முகவர் எழுதிய பதில் நீளமாக இருந்தது. தானே படிப்பேன் என்று கணவர் பிடிவாதம் பிடித்தார். நாத்தனாரும் வந்து உட்கார்ந்துகொண்டார்.

"'கட்டடத்துக்கு ஐந்து மாடி என்று முதல் பக்கத்தில் சொல்கிறீர்கள்'" என்று கணவர் படித்தார். "'பதினான்காம் அத்தியாயத்தில் வேலைக்காரப் பெண் ஆறாவது மாடியில் லிஃப்டை விட்டு இறங்குகிறாள். எழுதியவர் லிஃப்ட் ஆய்வாளர் என்பதால் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.'"

"பொய்" என்றார் லிஃப்டக்கா. பிரதியைப் பிடுங்கிப் புரட்டினார். புரட்டிய கை ஒரு பக்கத்தில் நின்றது. காது மடல் சிவந்தது.

"இருக்கா?" என்றார் நாத்தனார்.

"இருக்கு."

கணவருக்குக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பு. "ஊரு லிஃப்டுக்கெல்லாம் சீல் வெச்சே, உன் லிஃப்டு கூரையப் பிச்சுக்கிட்டுப் போயிருக்கு."

"மேல படிங்க" என்றார் லிஃப்டக்கா.

"'கடைசி அத்தியாயத்தில் அந்தப் பெண் கட்டடத்தில் இருக்கும் எல்லாரையும் மன்னித்துவிடுகிறாள். ஏன் மன்னிக்க வேண்டும்? அந்தப் பலகை இன்னும் அங்கேயேதான் தொங்குகிறது. எனக்கே கோபம் தீரவில்லை. அவளுக்கு எப்படித் தீர்ந்தது? இப்போதைய நிலையில் இதை எந்தப் பதிப்பகத்துக்கும் நான் கொண்டுபோக மாட்டேன். திருத்திவிட்டு அனுப்புங்கள். மறுபடியும் படிக்கிறேன்.'"

கணவர் தாளை மேஜையில் வைத்தார். மனைவியின் முகத்தைப் பார்க்கப் பயந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாத்தனார்தான் மெல்ல நிமிர்ந்து பார்த்தார். லிஃப்டக்காவின் முகத்தில் உடைந்த சாயல் எதுவும் தெரியவில்லை.

"அண்ணி, வேண்டாம்னுதானே சொல்லியிருக்காங்க?"

"ஆமா."

"அதுக்கு ஏன் இப்படிச் சிரிக்கிறீங்க?"

"படிச்சிட்டுச் சொல்லியிருக்காங்க." லிஃப்டக்கா தாளை எடுத்து அந்தக் கடைசிப் பத்தியை மீண்டும் பார்த்தார். "அந்த மன்னிப்பை எழுதறப்பவே எனக்குக் கை கூசிச்சு. முடிவு நல்லபடியா இருந்தாத்தான் போடுவாங்கன்னு நினைச்சு எழுதினேன். யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்கன்னு இருந்தேன்."

காய்கறிக் கூடை மேஜையை விட்டு இறங்கியது. ஆனால் திருத்தத் தொடங்கும் முன் அவர் ஒரு வேலையை முடித்தார். சித்தப்பாவையும் குதிரையையும் 'வாசித்த' முகவர்களை ஊர் முழுக்க நாறடிக்க வேண்டும் என்று நாத்தனார் துடித்தார். அதற்கு வாசகமும் தயாராக வைத்திருந்தார். லிஃப்டக்கா கேட்கவில்லை. ஆய்வறிக்கையை உரியவருக்குத்தான் அனுப்ப வேண்டும், தெருவில் ஒட்டக் கூடாது என்பது அவர் கட்சி. ஒவ்வொருவருக்கும் ஒற்றை வரி அனுப்பினார்: "என் நாவலில் சித்தப்பா இல்லை, இரண்டாம் அத்தியாயத்தில் குதிரையும் இல்லை."

பெரும்பாலோர் வாய் திறக்கவில்லை. ஒருவர் மட்டும் அன்றே பதில் போட்டார்: "குதிரையை நீக்கியதற்கு நன்றி. பிரதி இப்போது வெகுவாக மேம்பட்டிருப்பதை உணர்கிறோம். எனினும்…"

லிஃப்டக்கா இப்போது கடைசி அத்தியாயத்தை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறார். புதிய வடிவத்தில் அந்தப் பெண் யாரையும் மன்னிப்பதில்லை. சுவரிலிருந்து பலகையைக் கழற்ற முயல்கிறாள். திருகாணி துருப்பிடித்திருக்கிறது, அந்த இடத்தில்தான் கதை நிற்கிறது. கழற்றிவிடுவாளா என்று கணவர் தினமும் கேட்கிறார். 'உஷ்' என்று பதில் வருகிறது. திருத்தியதை அந்த முகவர் ஏற்றுக்கொள்வாரா என்பது யாருக்கும் தெரியாது.

உங்களிடம் முகவர் அலுவலகம் இருக்காது. ஆனால் யாரோ ஒருவர் தயங்கித் தயங்கி உங்களிடம் கொடுத்த சில பக்கங்கள் எங்கேயாவது இருக்கும். உடன் வேலை செய்பவர் எழுதிய கதை. மச்சினன் அனுப்பிய கட்டுரை. வேலை கேட்டு ஒருவர் தந்த விண்ணப்பம். 'பார்த்தேன், நல்லா இருந்தது' என்று ஒரு பொய்யும் அதற்கு ஏற்கெனவே சொல்லியிருப்பீர்கள். இதை மூடி வையுங்கள். அதைத் தேடி எடுத்து, முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்றே சொல்லுங்கள். ஆனால் அதில் என்ன இருந்தது என்பதையும் சேர்த்து, இன்றைக்கே சொல்லுங்கள்.